நரியை ஊளையிட்டுக் கூப்பிட்டவர்கள்... தவறிலிருந்து கற்றது என்ன? வெடி வைத்தபோது தொலைத்தது என்ன?

"ஏலே, இன்னைக்கு நரி மூஞ்சில முழிச்சியாக்கும்?"

லாட்டரி அடித்த மாதிரி யாருக்காவது ஒரு நல்லது நடந்துவிட்டால் நம்ம விருதுநகர் பக்கம் உடனே வந்து விழும் கேள்வி இது. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தாலும் சரி, நின்றுபோன பட்டாசு ஆர்டர் திரும்ப வந்தாலும் சரி, பாராட்டு முழுக்க நரிக்குத்தான்.

சரி, நிஜமாகவே நரி முகத்தில் விழித்து எத்தனை வருஷமாச்சு? இருபது வயதுக்காரர்களில் பெரும்பாலானவர்கள் நரியைப் பார்த்தது பாட்டி வடை சுட்ட கதையின் படத்தில்தான். சாத்தூர், வெம்பக்கோட்டை, அருப்புக்கோட்டை கரிசல் காடுகளில் பொழுது சாய்ந்தால் ஊளை கேட்கும் என்று சொல்லும் தாத்தாக்களிடம், "கடைசியாக எப்போது கேட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

இந்த வாரம் நாம் பேசப்போவது அந்த நரியைப் பற்றி. அதைவிட முக்கியமாக, அதைப் பிடிக்கப் போனவர்கள் செய்த தவறுகளைப் பற்றி. அந்தத் தவறுகளில் ஒரு வகை மனிதனை நல்ல வேட்டைக்காரனாக்கியது. இன்னொரு வகை கையை, கண்ணை, சில நேரம் உயிரையே எடுத்துக்கொண்டு போனது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், பட்டாசும் தீப்பெட்டியுமாக வாழும் நம் மாவட்டத்துக்கு மற்ற யாரையும்விட நன்றாகப் புரியும்.

கூப்பிட்டால் வரும்!

தந்திரத்துக்குப் பேர் போன ஒரு விலங்கை எப்படிப் பிடித்தார்கள்? துரத்தியா? நரியை ஓடிப்பிடிப்பது நடக்கிற காரியமில்லை. அதனால் அதையே நம்மிடம் வரவைத்தார்கள். எப்படி? அதன் பாஷையில் பேசி!

நரிக்குறவர் சமூகத்தின் பெயரிலேயே நரி இருக்கிறது. தெலுங்கு பேசும் பகுதிகளில் அவர்களுக்கு 'நக்கல' என்று தொடங்கும் பெயர் உண்டு. தெலுங்கில் 'நக்க' என்றால் நரி. அவர்கள் தங்களை 'வாக்ரி' என்று சொல்லிக்கொள்கிறார்கள். பேசும் மொழி வாக்ரிபோலி. 1909-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய தொகுதிகளில் 'குருவிக்காரர்' என்ற தலைப்பில் இவர்களைப் பற்றித் தனிப் பதிவு இருக்கிறது. நரி வேட்டை இவர்களின் தொழில் என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்.

அந்த வேட்டையின் உயிர்நாடி, ஊளை. புதர் ஓரம் வலை கட்டிவிட்டு மறைவில் உட்கார்ந்து நரி மாதிரியே ஊளையிடுவார்கள். நிஜ நரி பதில் கொடுக்கும். பிறகு, 'யாருடா அது நம்ம எல்லையில்?' என்று பார்க்க வரும்.

இதில் மந்திரம் எதுவும் இல்லை. நரிகள் ஆணும் பெண்ணுமாக ஜோடியாக வாழ்பவை. தங்களுக்கென ஓர் எல்லை வைத்திருக்கும். அந்தி நேரத்து ஊளை என்பது கிட்டத்தட்ட நம்ம ஊர் மைக் செட் அறிவிப்பு: 'இது எங்க இடம், நாங்க இங்கதான் இருக்கோம்.' அந்த எல்லைக்குள் புதுக்குரல் கேட்டால் சும்மா இருக்க முடியாது. குட்டியின் அலறல் கேட்டால் தாயும் தகப்பனும் ஓடி வரும். முயலோ எலியோ அடிபட்டுக் கத்துகிற மாதிரி சத்தம் வந்தால், சும்மா கிடைக்கும் சாப்பாட்டை விடுமா நரி? எல்லை, குட்டி, பசி... இந்த மூன்றையும் தொடுகிற சத்தத்தைத் தொண்டையில் வைத்திருந்தவன்தான் நல்ல வேட்டைக்காரன்.

ஐந்து தவறுகள்... ஐந்து பாடங்கள்!

சொல்வதற்கு எளிது. செய்தால்தான் தெரியும். கடல் தாண்டி அமெரிக்காவிலும் இதே வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே இருப்பது 'கயோட்டி'. நம் நரியின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நாய், ஓநாய் சேர்ந்த ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. அங்கே வாயில் வைத்து ஊதும் சின்னக் குழலும், முயல் அலறலைப் பதிவு செய்து ஒலிபரப்பும் ஸ்பீக்கரும் கடையிலேயே கிடைக்கின்றன. ஆனால், தொண்டையால் கூப்பிட்டாலும் ஸ்பீக்கரால் கூப்பிட்டாலும், புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள் ஒன்றுதான்.

முதல் தவறு, காற்றை மறப்பது. நரி கண்ணைவிட மூக்கை நம்பும். சத்தம் வந்த திசைக்கு அது நேராக வராது. சுற்றிக்கொண்டு போய், காற்று நம் மேல் பட்டு அதன் மூக்குக்கு வருகிற பக்கமாக நிற்கும். மனித வாடை வந்ததா? முடிந்தது கதை.

இரண்டாவது, உட்காரும் இடத்துக்குப் போகும்போதே காட்டிக்கொடுத்துவிடுவது. வண்டிக் கதவை அறைவது, டார்ச் அடிப்பது, பேசிக்கொண்டே நடப்பது. கூப்பிடத் தொடங்கும் முன்பே கேட்க வேண்டியவர் கேட்டு முடித்திருப்பார்.

மூன்றாவது, ஓயாமல் கத்துவது. நிஜ நரி அரை மணி நேரம் தொடர்ந்து ஊளையிடுவதில்லை. கொஞ்சம் குரல், பிறகு நீண்ட மௌனம். அந்த மௌனத்தில்தான் அது நடந்து வருகிறது.

நான்காவது, பொறுமை இல்லாமை. 'ஒண்ணும் வரலை, கிளம்பலாம்' என்று எழுந்து நிற்கும் நேரத்தில், பத்தடி தள்ளி ஒரு வால் புதருக்குள் மறையும்.

ஐந்தாவதுதான் பெரிய பாடம். போன தடவை உட்கார்ந்த அதே இடத்தில், போன தடவை கொடுத்த அதே குரலைக் கொடுப்பது. ஒருமுறை ஏமாந்து தப்பித்த நரி அந்தச் சத்தத்தை மறக்காது. 'படித்த கயோட்டி' என்றே அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதைக் கிண்டலாகச் சொல்வதுண்டு. அதாவது, தவறிலிருந்து கற்பது மனிதன் மட்டும் இல்லை. எதிரில் இருக்கும் விலங்கும் கற்கிறது!

இந்த ஐந்து தவறுகளிலும் ஒரு பொதுவான விஷயத்தைக் கவனித்தீர்களா? எதைச் செய்தாலும் நஷ்டம் ஒன்றே ஒன்றுதான். நரி தப்பித்துவிடும். வேட்டைக்காரன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவான், வழியெல்லாம் 'எங்கே தப்பாச்சு?' என்று யோசிப்பான், அடுத்த முறை திருத்திக்கொள்வான். மகனுக்கும் சொல்லிக்கொடுப்பான். தலைமுறை தலைமுறையாக ஒரு வித்தை வளர்ந்தது இப்படித்தான். தவறு செய்தவன் உயிரோடு, முழுசாக வீடு திரும்பினான். அதனால் கற்றுக்கொள்ள முடிந்தது.

அப்புறம் வந்தது வெடி!

கிராமங்களில் இதற்கு 'அவுட்டுக்காய்' என்று பெயர். சில ஊர்களில் 'வெங்காய வெடி' என்பார்கள். கறித் துண்டுக்குள்ளோ பழத்துக்குள்ளோ வெடிமருந்தை மறைத்து, விலங்கு வரும் தடத்தில் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். கடித்தால் வெடிக்கும். பெரும்பாலும் காட்டுப்பன்றிக்காக வைப்பது. ஆனால், வாசனை பிடித்து முதலில் வருவது நரியாகவும் இருக்கலாம், நாயாகவும் இருக்கலாம்.

2020 ஜூனில் திருச்சி மாவட்டம் ஜீயபுரம் அருகே ஒரு நரி இப்படிச் செத்தது. இறைச்சிக்குள் வைத்த வெடியைக் கடித்து வாய் சிதறிப்போனது. 12 பேர் கைதானார்கள். கைதானவர்கள் நரிக்குறவர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்று செய்திகள் வந்தன. அதை வைத்து ஒரு சமூகத்தின் தலையிலேயே பழியைக் கட்டுவது நியாயமில்லை. அவுட்டுக்காய் வழக்குகளில் எல்லா ஊர்க்காரர்களும் எல்லாச் சாதிக்காரர்களும் சிக்கியிருக்கிறார்கள். ஆனாலும், நரியைக் குரலாலேயே கூப்பிடத் தெரிந்த பரம்பரையின் கைக்குள்ளும் வெடி வந்து சேர்ந்துவிட்டது என்பதைப் படிக்கும்போது மனசு என்னவோ செய்கிறது.

அதற்குச் சில நாள்கள் முன்புதான், 2020 மே 27 அன்று, கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று ஆற்றுத் தண்ணீருக்குள் நின்றபடியே உயிரைவிட்டது. நாடே அழுதது நினைவிருக்கும். வாய்க்குள் வெடி வெடித்து, சாப்பிடவும் முடியாமல், வலி தாங்காமல் ஆற்றில் இறங்கி நின்ற யானை அது. விசாரணையில் தெரியவந்தது என்ன? வெடி, யானைக்காக வைத்ததே இல்லை. காட்டுப்பன்றிக்கு வைத்தது.

இதுதான் அவுட்டுக்காயின் அடிப்படைக் கோளாறு. கூப்பிட்டு வேட்டையாடியவனுக்கு முன்னால் என்ன வந்து நிற்கிறது என்று தெரியும். வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியும். வெடி வைத்தவன் வீட்டில் தூங்குகிறான். அவன் வைத்த உருண்டையைக் கடிப்பது பன்றியா, பக்கத்து வீட்டுக் கறவை மாடா, ஆட்டுக்குக் காவல் நிற்கும் நாயா என்பது அவன் கையில் இல்லை. விறகு பொறுக்கப் போன அக்கா அதை மிதிக்கலாம். பந்து தேடப் போன பையன் அதை எடுத்து உருட்டிப் பார்க்கலாம்.

வைக்கிறவனுக்கும் உத்தரவாதம் இல்லை. உருட்டும்போதே, எடுத்துப் போகும்போதே, வெடிக்காமல் கிடந்ததை மறுநாள் எடுக்கப் போகும்போதே வெடித்து விரல்களை இழந்தவர்கள் உண்டு. முதல் தவறே கடைசித் தவறு. அதிலிருந்து கற்க ஆள் வேண்டுமே!

சிவகாசிக்கு இது புதுசா?

மருந்தின் குணம் நம் மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிகாலையில் கம்பெனி வண்டி ஏறும் அம்மாக்களும், வெள்ளிச் சாயம் படிந்த கையோடு சாயங்காலம் இறங்கும் அண்ணன்களும் இருக்கும் ஊர் இது. ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், உரசல் கூடாது, இரும்புக் கருவி கூடாது... இந்த விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் என்றோ எங்கோ நடந்த ஒரு விபத்து இருக்கிறது.

2012 செப்டம்பர் 5-ஐ இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். வேலை செய்தவர்கள் மட்டும் இல்லை. முதல் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த சுற்றுவட்டார மக்களும் அடுத்தடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். 'சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் ஓடாதே' என்ற பாடத்தை அவ்வளவு விலை கொடுத்துக் கற்றோம். அப்படியும் விதி மீறல்கள் நின்றுவிடவில்லை. 2021 பிப்ரவரியில் சாத்தூர் அருகே அச்சங்குளம். இருபது பேருக்கும் மேல் போனார்கள்.

உரிமம், ஆய்வு, பயிற்சி எல்லாம் உள்ள இடத்திலேயே மருந்து இவ்வளவு கணக்குக் கேட்கிறது. அப்படியிருக்க, எந்தக் கணக்கும் இல்லாமல் காட்டு மறைவில் உருட்டப்படும் அவுட்டுக்காயைப் பற்றி என்ன சொல்ல? இந்தியாவில் வெடிபொருள் சட்டம் வந்தது 1884-ல். சட்டவிரோத வெடிபொருளுக்கென்றே இன்னொரு சட்டம் 1908-ல் வந்தது. வேட்டைக்காக உருட்டியது என்று சொன்னால் எந்த வழக்கும் லேசாகிவிடாது. மருந்து கொடுத்தவரும் மாட்டுவார்.

"சும்மா கொஞ்சூண்டு மருந்துதானே அண்ணாச்சி" என்று யாராவது கேட்டு வந்தால், இந்தப் பட்டியலையெல்லாம் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காக்காரர்கள் கற்ற பாடம்

நம்மிடம் மட்டும்தான் இந்தப் பிரச்னையா என்றால், இல்லை. அமெரிக்காவில் ஆடு, கன்றுகளைக் காப்பாற்ற என்று அரசுத் துறையே ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரக்கணக்கான கயோட்டிகளைக் கொல்கிறது. பல பத்தாண்டுகளாக நடக்கிறது இது. கயோட்டி ஒழிந்ததா? ஒரு காலத்தில் மேற்குச் சமவெளிகளிலும் வறண்ட நிலங்களிலும் மட்டுமே இருந்த விலங்கு இப்போது வடக்கே அலாஸ்கா முதல் தெற்கே பனாமா வரை பரவியிருக்கிறது. சிகாகோ மாதிரி பெருநகரத்துக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது!

காரணம் சுவாரஸ்யமானது. ஓர் எல்லையில் வாழும் ஜோடியைக் கொன்றால் அந்த இடம் காலியாகும். அக்கம்பக்கத்து இளவட்டங்கள் வந்து பிடித்துக்கொள்ளும். போட்டி குறைந்து சாப்பாடு கூடுவதால் பிழைக்கும் குட்டிகளின் எண்ணிக்கையும் கூடும். ஆட்டுப்பக்கமே போகாமல் எலி தின்றுகொண்டிருந்த பழைய ஜோடி போய், எதையும் முயற்சி செய்து பார்க்கும் புது ஆள் வந்து சேர்வதும் உண்டு. கண்மூடித்தனமாகக் கொல்வதில் தீர்வு இல்லை என்று விலங்கியல் ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான்.

அங்கேயும் ஓர் 'அவுட்டுக்காய்' இருந்தது. எம்-44 என்று பெயர். தரையில் நட்டு வைக்கும் சின்னக் குழாய். மேலே வாசனைத் தீனி தடவியிருக்கும். விலங்கு கவ்வி இழுத்தால் வாய்க்குள் சயனைடு பீய்ச்சும். 2017 மார்ச்சில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு சிறுவன் வீட்டுக்குப் பின்னால் நாயோடு நடந்துபோனபோது, என்னவென்று தெரியாமல் அதைத் தொட்டுவிட்டான். அவன் கண்ணெதிரிலேயே நாய் செத்தது. அவன் பிழைத்தது அதிர்ஷ்டம். வழக்கு, போராட்டம் எல்லாம் நடந்து, 2023-ல் அமெரிக்காவின் பொது நிலங்களை நிர்வகிக்கும் துறை தன் நிலங்களில் எம்-44-க்குத் தடை போட்டது.

வைத்தவன் ஓரிடம், மாட்டுகிறவன் வேறிடம். எந்த நாடாக இருந்தாலும் இந்த வகைப் பொறியின் கதை ஒன்றுதான்.

நரி போனால் யாருக்கு நஷ்டம்?

'நரி இருந்தால் என்ன, போனால் என்ன?' என்று கேட்பவர்கள் நம் கரிசல் விவசாயியிடம் பேச வேண்டும். நரியின் சாப்பாட்டுப் பட்டியல் பெரிசு. வயல் எலி, முயல், பூச்சி, விழுந்த பழம், செத்த விலங்கின் இறைச்சி எல்லாம் உண்டு. தரையில் முட்டையிடும் மயிலின் கூட்டையும் விடாது. மக்காச்சோளத்திலும் பயறிலும் மயில் கூட்டம் இறங்கும்போதெல்லாம், "நரி இருந்தவரைக்கும் மயிலு அடங்கி இருந்துச்சு" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மயில் பெருகியதற்கு நரி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், முட்டை தின்ன ஆள் இல்லை என்றால் குஞ்சு கூடும் என்பது கணக்கு தெரிந்த யாருக்கும் புரியும்.

நரி ஆட்டுக்குட்டியையும் கோழியையும் தூக்கும் என்பதும் உண்மைதான். அதற்கு மருந்து, ராத்திரியில் அடைப்பது. குட்டிகளைப் பஞ்சாரத்திலோ அடைப்பான பட்டியிலோ வைப்பது, கோழிக்கூட்டுக் கதவைச் சரியாகப் பூட்டுவது, செத்த கோழியை ஊர் ஓரத்தில் வீசி அதற்கு ருசி காட்டாமல் இருப்பது. இத்தனையும் நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான்.

காட்டுப்பன்றி விஷயம் வேறு. அது நிஜமான வேதனை. ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு, ராஜபாளையம் அடிவாரத்தில் விடிய விடியக் காவல் காத்தும் காலையில் சோளக்காடு உழுத மாதிரி கிடப்பதைப் பார்க்கிறவனிடம் 'பொறுமையாக இரு' என்று ஏசி அறையில் இருந்து சொல்வது எளிது. அதனால்தான் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ-க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். மூன்றையும் செய்ய வேண்டியது வனத்துறைதான், தனி ஆள்கள் இல்லை. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. சேதத்தை உடனே போனில் படம் எடுத்து வையுங்கள். வி.ஏ.ஓ-விடமும் வனச்சரக அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். அது மெதுவாகத்தான் நகரும், ஒத்துக்கொள்கிறோம். ஆனால், அந்தப் பாதையில் யாருக்கும் கை போகாது.

நரிக்கொம்பு, நரிப்பல்... ஏமாறாதீர்கள்!

நரி சாக இன்னொரு காரணம், நம் நம்பிக்கை. 'நரிக்கொம்பு வைத்தால் தொழில் அமோகம்' என்று சொல்லி விற்பவர்கள் இன்றும் உண்டு, ஆன்லைனிலும் உண்டு. நரிக்குக் கொம்பு கிடையாது! மண்டை ஓட்டுத் துண்டையோ வேறு எலும்பையோ முடி ஒட்டிய தோலில் பொதிந்து கொடுப்பதைத்தான் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கி கல்லாப்பெட்டியில் வைக்கிறார்கள். அசலாக இருந்தால் ஒரு நரியின் உயிர். போலியாக இருந்தால் உங்கள் பணம். இரண்டில் ஒன்று நிச்சயம் போகும்.

சேலம் மாவட்டம் வாழப்பாடி பக்கம் சில கிராமங்களில் பொங்கலையொட்டி நரியை வலையில் பிடித்து வந்து, முகம் பார்த்து, ஓடவிட்டு, பிறகு காட்டில் விடும் வழக்கம் இருந்தது. 'வங்கா நரி ஜல்லிக்கட்டு' என்று பேர். 'விளைச்சலுக்கு முன் நரி முகத்தில் விழித்தால் நல்லது' என்ற நம்பிக்கை. வனத்துறை தடை போட்டு, மீறியவர்களுக்கு அபராதமும் விதித்து வருகிறது.

சட்டம் இப்போது ரொம்பக் கடுமை. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் திருத்தம் வந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தத் திருத்தத்தின்படி நரி முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி, யானை இருக்கும் அதே அட்டவணை! கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். பல், தோல், நகம் வைத்திருப்பதும் குற்றம்தான்.

தோட்டத்தில் ஏதாவது கிடந்தால்?

குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள். முக்கியமாகக் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள்.

* வரப்பிலோ புதர் ஓரத்திலோ நூல் சுற்றிய உருண்டை, சந்தேகமான கறித் துண்டு, மருந்து வாசனை வரும் பழம் கிடந்தால் தொடாதீர்கள். காலால் தள்ளாதீர்கள். கல் எறிந்து பார்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றி 'செயலிழக்க வைக்கும்' வீரம் வேண்டாம்.
* அருகில் போய் போட்டோ எடுக்காதீர்கள். வந்த வழியே திரும்புங்கள். பக்கத்தில் இன்னொன்று இருக்கலாம்.
* ஆடு, மாடு, நாயை அந்தப் பக்கம் விடாமல் தடுத்துவிட்டு 112-ஐ அழையுங்கள். வனத்துறைக்கும் தகவல் கொடுங்கள்.
* வாய் கிழிந்த நிலையில் மாடோ நாயோ வந்தால் கால்நடை மருத்துவரிடம் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். போலீஸுக்கும் சொல்லுங்கள். அடுத்து மாட்டப்போவது ஒரு குழந்தையாக இருக்கலாம்.
* 'நரி ஊளை' ஆடியோவை மொபைலில் சத்தமாகப் போட்டு நரியை வரவைத்து ரீல்ஸ் எடுக்கும் ஆசை யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். குட்டி போட்ட நேரத்தில் அதன் நிம்மதியைக் கெடுப்பீர்கள். கூடவே வழக்கும் வரலாம்.

அந்தக் குரலுக்கு இன்னொரு வேலை இருக்கிறது!

கூப்பிடும் வித்தை வேட்டையோடு செத்துப்போக வேண்டுமா? வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் நம்ம நரி இனம் இப்போது புதிய நாடுகளுக்குப் பரவிக்கொண்டிருக்கிறது. அங்கே ஆராய்ச்சியாளர்கள் அதை எப்படி எண்ணுகிறார்கள் தெரியுமா? ராத்திரியில் ஒரு மேட்டில் நின்று, ஸ்பீக்கரில் சில நொடிகள் நரி ஊளையை ஒலிக்கவிடுகிறார்கள். பிறகு சில நிமிடங்கள் மௌனம். எந்தத் திசையிலிருந்து எத்தனை குரல் பதில் வருகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். மறுபடி ஊளை, மறுபடி மௌனம். கொஞ்சம் தள்ளி இன்னோர் இடம். வாக்ரி தாத்தாக்கள் புதர் ஓரத்தில் செய்ததும் இதைத்தான். வலை மட்டும் இல்லை, கையில் நோட்டு இருக்கிறது.

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்துக்கு 2023 ஜனவரியில்தான் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. எத்தனையோ ஆண்டு கோரிக்கை அது. ஊசி பாசிமணி விற்கும் கூட்டம் என்று மட்டுமே நாம் பார்த்த அந்தச் சமூகத்தின் பெரியவர்களிடம், காற்றையும் தடத்தையும் குரலையும் வாசிக்கிற அறிவு மிச்சம் இருக்கிறது. மயில் எத்தனை, மான் எத்தனை என்று கணக்கெடுக்கும் வனத்துறை, விருதுநகர் கரிசலில் நரி எத்தனை என்று எண்ணும்போது இவர்களைச் சம்பளம் கொடுத்துக் கூட வைத்துக்கொண்டால் என்ன? நரிக்கும் லாபம், படித்துவிட்டு வேலை தேடும் அந்தப் பிள்ளைகளுக்கும் லாபம். தாத்தா ஊளையிட, பேத்தி பதிவேட்டில் குறிக்கட்டுமே.

இந்தக் கணக்கெடுப்பிலும் தவறு வரும். காற்று திரும்பும், குரல் பிசகும், ஒரே நரியை இரண்டு முறை எண்ணிவிடுவார்கள். வரட்டும். மறுநாள் ராத்திரி திருத்திக்கொள்ளலாம்.

உங்கள் ஊரில் இப்போதும் நரி ஊளை கேட்கிறதா? கடைசியாக எப்போது கேட்டீர்கள் என்று ஊர்ப் பெயரோடு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். நரி தங்கும் இடம் எது என்பதை மட்டும் எழுத வேண்டாம். தேடிப் போகிறவர்கள் எல்லோரும் நோட்டோடு போக மாட்டார்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம் மக்களே!